மனத்தில் பட்டதும் குழு விதியும்: தொழில்சார் இணையக் குழுக்களுக்கு ஓர் அறிமுகம்

உப்புவெளியில் கடலுக்கு மிக அருகே எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தின் தூணைப் படம் பிடித்து, இளம் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். திருகோணமலை மாவட்டத்தில் கட்டட வேலையோடு தொடர்புள்ள பொறியியலாளர்கள், படவரைஞர்கள், தொழினுட்ப உத்தியோகத்தர்கள், ஒப்பந்தகாரர்கள், சில மேசன்மார் என ஏறத்தாழ இருநூறு பேர் இருக்கும் குழு அது. அதன் மூன்று அட்மின்களில் நானும் ஒருவன். படத்தில், கட்டிய கம்பிக்கும் அடித்த பலகைக்கும் இடையே ஒரு விரல்கூடச் சரியாக நுழையாது. "கவர் இவ்வளவு போதுமா சேர்?" என்பது மட்டுமே கேள்வி. கவர் என்பது கம்பியை வெளியே இருந்து மூடி நிற்கும் கொங்கிறீற்றின் தடிப்பு. ஐந்து நிமிடத்துக்குள் மூத்தவர் ஒருவர் பதில் போட்டார்: "இதுகூடத் தெரியாத உமக்கு யார் டிப்ளோமா தந்தது?" அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் நான்கு. சற்று நேரத்தில், படமும் கேள்வியும் இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி மட்டும் எஞ்சியிருந்தது.

அதன் பிறகுதான் சண்டை தொடங்கியது. குழு விதிகளில் நான்காவது, "அனைவரும் மரியாதையுடன் பேசவும்" என்கிறது. அதை ஒருவர் எடுத்துக் காட்டினார். மூத்தவரோ, தமக்கு நடிக்கத் தெரியாது என்றும், மனத்தில் பட்டதைப் பட்டபடி சொல்வதே தம் வழக்கம் என்றும், பொய்யாக இனிக்கப் பேசுகிறவர்களால்தான் கட்டடங்கள் வெடிக்கின்றன என்றும் எழுதினார். சிலர் அவர் பக்கம் நின்றார்கள், சிலர் விதியின் பக்கம் நின்றார்கள். மறுநாள் காலையில் அந்த நாற்பதுக்கு மேற்பட்ட செய்திகளையும் மேலிருந்து கீழாக வாசித்தபோது ஒன்று தெரிந்தது: கவர் எத்தனை மில்லிமீற்றர் விட வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

ஒரே தொழிலைச் செய்பவர்கள் இணையத்தில் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் ஒரு பிணக்கு இது. ஒருவர் தாம் தாமாகவே இருக்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு பேசக்கூடாது என்பது ஒரு பக்கத்து நியாயம். பலர் கூடும் இடத்தில் எப்படிப் பேசலாம், எப்படிப் பேசலாகாது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது மறுபக்கத்து நியாயம். முதலாவதைத் தன்னியல்பு என்றும் இரண்டாவதை நடத்தை விதிகள் என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன். இவை இரண்டும் ஒன்றையொன்று தின்னும் எதிரிகள் என்பது பரவலான எண்ணம். பெரும்பாலான சண்டைகளில் இவை மோதுவதே இல்லை என்பதும், உண்மையாகவே மோதும் இடம் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதும் என் கருத்து.

முதலில் தன்னியல்பு என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்குள் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கின்றன. தமக்குச் சரியென்று தெரிந்ததை மறைக்காமல் சொல்வது ஒன்று. இதை நேர்மை என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லும்போது எழும் எரிச்சலையும் ஏளனத்தையும் மகிழ்ச்சியையும் அடக்காமல் அப்படியே வெளிவிடுவது இன்னொன்று. தமக்குப் பழக்கமான மொழியில், ஊர் வழக்கில், தம் பேச்சுப் பாங்கில் பேசுவது மூன்றாவது. எங்கள் மூத்தவர் முதலாவதைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்தார். "கவர் போதாது" என்பது அவருக்குத் தெரிந்த உண்மை. அதை அவர் எழுதவே இல்லை. அவர் எழுதியது அவருடைய எரிச்சலை மட்டுமே. கடற்காற்றில் வரும் உப்பு கொங்கிறீற்றுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்வதால் கொங்கிறீற்று உள்ளிருந்து பிளந்து பாளம் பாளமாக உதிரும். அதனால்தான் கடலோரக் கட்டடங்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை கவர் விடப்படுகிறது. இவ்வளவையும் சொல்வதற்கு நான்காம் விதி எந்த இடத்திலும் தடையாக இருக்கவில்லை.

நடத்தை விதிகள் அண்மைக் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இணையம் பொதுமக்களின் கைக்கு வந்துகொண்டிருந்த 1995 ஒக்டோபரிலேயே, இணையத்தின் தொழினுட்ப ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற இலக்கத்தோடு, இணையத்தில் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுவது என்பதற்கான வழிகாட்டி ஒன்று வெளிவந்துவிட்டது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த இடம் கோபத்தைப் பற்றியது. உணர்ச்சி கொதிக்கும் பதிலை உடனே அனுப்பாமல் ஓர் இரவு பொறுத்திரு என்று அது அறிவுரை சொல்கிறது. அதே மூச்சில், கோபம் உண்மையாகவே பெரிதாக இருந்தால், "கோபம் தொடங்குகிறது", "கோபம் முடிகிறது" என்று பொருள்படும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே அதை எழுது என்றும் சொல்கிறது. கோபப்படாதே என்று அந்த விதி கட்டளையிடவில்லை. கோபத்துக்கு ஒரு வேலி போட்டு, வாசிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு என்றது. இந்தச் சிறு நுட்பம் பிற்காலத்து விதிகள் பலவற்றில் காணாமற் போய்விட்டது.

சமூகவியலில் இந்தப் பிணக்கைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பழைய உவமை இருக்கிறது. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950களில், மனிதர் ஒவ்வொருவரும் அன்றாட வாழ்வில் ஒரு முன்மேடையிலும் ஒரு பின்மேடையிலும் மாறி மாறி வாழ்கிறார்கள் என்று விளக்கினார். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லண்ட் தீவுகளில் ஒரு விடுதியில் அவர் கண்டதும் அந்த விளக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தது. நிலாவெளி விடுதிகளில் வேலை செய்த யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சாப்பாட்டு அறையில் வெள்ளைச் சட்டையும் புன்னகையுமாக நிற்பவர், சமையலறைக் கதவு மூடியதும் அதே விருந்தினரைப் பற்றி வேறு மாதிரிப் பேசுவார். இரண்டில் எது உண்மையான ஆள்? இரண்டும்தான். பின்மேடையில் இருப்பவர் மட்டுமே அசல், முன்மேடையில் இருப்பவர் போலி என்று எடுத்துக்கொள்வது கோஃப்மனைத் தவறாக வாசிப்பது.

இணையக் குழுவில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அங்கே எது முன்மேடை, எது பின்மேடை என்று தெரிவதில்லை. கையில் உள்ள கைபேசியில், வீட்டுத் திண்ணையில் சாரத்தோடு உட்கார்ந்து தட்டச்சிடும்போது அது நண்பர் நாலு பேரோடு தேநீர்க் கடையில் பேசுவது போலவே இருக்கிறது. ஆனால் மறுமுனையில் இருப்பவர்கள் இருநூறு பேர். அவர்களில் அந்த இளைஞரின் மேலதிகாரி இருக்கிறார், அவர் நாளை வேலை கேட்டுப் போகக்கூடிய ஒப்பந்தகாரர் இருக்கிறார், அவருடன் படித்த பெண்ணும் இருக்கிறார். தேநீர்க் கடையில் விழுந்த கேலி தேநீரோடு போய்விடும். குழுவில் விழுந்த கேலியை யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள வேறு குழுக்களுக்கு அன்றிரவே அனுப்பியிருப்பார்கள்.

இந்த விவாதத்தின் மிகத் தெளிவான உலகறிந்த உதாரணம் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மையமான கருப்பகுதியை (கேர்னல்) எழுதும் மென்பொருளாளர்களின் சமூகம். 1991இல் அதைத் தொடங்கிய பின்லாந்துக்காரரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் மின்னஞ்சல்களில் வசைபாடுவதில் பேர் பெற்றவர். தரம் குறைந்த நிரல் ஒன்றைக் கண்டால் நிரலை மட்டுமன்றி எழுதியவரையும் சேர்த்தே கிழித்துவிடுவார். 2013 ஜூலையில் சக மென்பொருளாளர் ஒருவர் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தபோது அவர் சொன்ன மறுமொழி, எங்கள் மூத்தவரின் மறுமொழியை அச்சொட்டாக ஒத்தது. தாம் டை கட்டப்போவதில்லை என்பதைப் போலவே போலிப் பணிவையும் ஏற்கப்போவதில்லை என்றார். "தொழில்முறையாக நடந்துகொள்" என்பதன் விளைவு பொய்யும் முதுகில் குத்துவதும் அலுவலக அரசியலும்தான் என்றார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவரிடம் குறைந்தபட்சம் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவரிடம் அதுவும் தெரியாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 செப்டெம்பர் 16ஆம் திகதி, அதே டோர்வால்ட்ஸ் புதிய பதிப்பொன்றின் முன்னோட்டத்தை அறிவிக்கும் மின்னஞ்சலிலேயே மன்னிப்புக் கேட்டார். தம் காரமான தாக்குதல்கள் பலரைப் புண்படுத்தியதையும், சிலர் கருப்பகுதி வேலையை விட்டே போகக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொண்டு, பிறர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லி வேலையிலிருந்து சற்று விலகினார். அதே வேளையில் அச்சமூகம், 2015 முதல் வைத்திருந்த தளர்வான "மோதல் கோவை"யைக் கைவிட்டு, கோரலைன் ஏடா எம்கே என்ற மென்பொருளாளர் 2014இல் எழுதிய "பங்களிப்பாளர் உடன்படிக்கை" என்ற மாதிரிக் கோவையைத் தழுவிய ஒரு நடத்தைக் கோவையை ஏற்றது. ஒக்டோபர் மாதம் அவர் திரும்பி வந்தார். கெட்ட வார்த்தை இருந்தால் மின்னஞ்சல் வெளியே போகாதபடி தம் கணினியில் ஒரு வடிகட்டி வைத்திருப்பதாகப் பி.பி.சி.யிடம் அவர் சொன்னார். அந்த வடிகட்டியைப் பற்றி நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், ஆனாலும் அது தடுத்தது என்ன, தடுக்காதது என்ன என்று கவனிக்க வேண்டும். தரம் குறைந்த நிரலை அவர் அதன் பிறகும் ஏற்கவில்லை. "இது குப்பை, இதை எடுக்கமாட்டேன்" என்ற தீர்ப்பு மாறவில்லை. மாறியது, அந்தக் குப்பையை எழுதியவர் பிறந்ததே தவறு என்ற வகைப் பேச்சு மட்டும்.

இங்கே நம் மொழி ஆங்கிலத்தைவிடக் கூர்மையான ஒரு கருவியை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எதிரில் இருப்பவர் யாராயினும் முன்னிலைக்குச் சொல் ஒன்றுதான். நமக்கோ, அதிலும் இலங்கைத் தமிழருக்கு, மூன்று இருக்கின்றன: நீ, நீர், நீங்கள். இந்த மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஒருவருக்கு எழுத முடியாது. மூத்தவர் "உமக்கு" என்று எழுதியபோது அது மரியாதையா, மரியாதைக் குறைவா? மூத்தவர் இளையவரைத் தனியே "நீர்" என்பது அன்பும் இணக்கமும் கலந்த வழக்கு. ஓர் ஆசிரியர் மாணவனை அப்படித்தான் கூப்பிடுவார். இருநூறு பேர் முன்னிலையில், கேலியோடு சேர்ந்து வரும்போது அதே சொல் ஒருவரை ஒரு படி கீழே இறக்கி வைக்கிறது. குழு விதிகளில் "எல்லோரும் எல்லோரையும் நீங்கள் என்றே அழைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று ஒருவர் பிரேரித்தார். நான் எதிர்த்தேன். முப்பது வருடமாக ஒன்றாக வேலை செய்த இருவர் "நீர்" என்று பேசிக்கொள்வதைத் தடுப்பது, யாரையும் காப்பாற்றாமல் அவர்களுடைய பேச்சை மட்டும் மரமாக்கிவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி, மனத்தில் பட்டதைச் சொல்லும் உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பது. அந்த மூத்தவர் அந்த இளைஞரிடம் கேட்டதைப் போல, அந்த இளைஞர் என்றாவது அவரிடம் "உங்களுக்கு யார் பட்டம் தந்தது?" என்று கேட்க முடியுமா? கேட்டால் அதன் பெயர் தன்னியல்பு இல்லை, திமிர். விதிகளே இல்லாத குழுவில் எல்லோரும் சுதந்திரமாகப் பேசுகிறார்கள் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தோன்றும் காட்சி. கீழே இருப்பவர்கள் பேசுவதில்லை, வாசிக்க மட்டும் செய்கிறார்கள். எங்கள் குழுவில் ஏறத்தாழ நாற்பது பெண்கள் இருந்தும், அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் அவர்களிடமிருந்து வந்த கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரிடம் தனியே காரணம் கேட்டபோது, "கேட்டால் பதிலோடு என்னவெல்லாம் வரும் என்று தெரியாதே அண்ணா" என்றார். எழுதப்படாத விதி ஒன்று அவரை ஏற்கனவே ஆண்டுகொண்டிருந்தது. எழுதிய விதியின் வேலை பல வேளைகளில் அந்த எழுதாத விதியைத் தளர்த்துவதுதான்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் கண்டது இதற்கு ஒரு நல்ல துணை. நன்றாக ஒத்துழைக்கும் தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து அவர் கணக்கெடுத்தார். கிடைத்த பதிவோ நேர்மாறாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை; செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். அவமானப்பட வேண்டியிருக்காது என்ற நம்பிக்கை உள்ள இடத்தில்தான் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள் என்ற கருத்தை அவர் 1999இல் உளப் பாதுகாப்பு என்ற பெயரில் விரித்தார். அப்படிப் பார்த்தால் எங்கள் குழுவில் அன்று நீக்கப்பட்ட அந்தப் படம்தான் அன்றைய நாளின் மிக நேர்மையான செய்தி. தன்னியல்பைக் காப்பதாகச் சொன்னவர் அழித்தது ஒரு தன்னியல்பான கேள்வியை.

விதிகளின் பக்கமும் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல், விமானப் பணிப்பெண்கள் போன்றவர்கள் சம்பளத்துக்காகத் தம் முகபாவத்தையும் ஈற்றில் உணர்வையுமே வேலை கேட்கிறபடி வளைத்துக்கொள்வதை ஆராய்ந்து, அதுவும் ஓர் உழைப்பு, அதற்கும் களைப்பு உண்டு என்று காட்டினார். உள்ளே எரிச்சலோடு வெளியே சிரிப்பது மேலோட்டமான நடிப்பு. எரிச்சலே வராதபடி தன்னையே பழக்கிக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. சில குழுக்களின் விதிகள் இந்த இரண்டாவதை எதிர்பார்க்கின்றன. "எப்போதும் நேர்மறையாக எழுதவும்", "குறை சொல்லாதீர்கள், தீர்வு சொல்லுங்கள்" என்பன போன்ற வரிகள் நல்லெண்ணத்தோடு எழுதப்படுபவை. நடைமுறையில் அவை கெட்ட செய்தியை வெளியே விடாத பூட்டாகிவிடுகின்றன. ஒரு கட்டடத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்பதை நேர்மறையாக எப்படிச் சொல்வது? தீர்வு தெரியாதவருக்கு வெடிப்பைக் கண்ட உரிமையும் இல்லையா? பேச்சின் தொனியைக் கட்டுப்படுத்தும் விதி வேறு, பேச்சின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதி வேறு. நான் மேலே சொன்ன உண்மையான மோதல் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் போன்ற தளங்களில் இன்னொரு விசித்திரத்தைக் காணலாம். அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. அதற்கு மாறாக எல்லோரும் மனம் திறக்கிறார்கள். வேலை இழந்த கதை, தோற்ற கதை, அழுத கதை என ஒவ்வொன்றும் கடைசி வரியில் ஒரு பாடத்தோடு முடியும். அவற்றில் பல உண்மையாக இருக்கலாம். ஆனால் மனம் திறப்பதே ஒரு வழக்கமாகி, அதற்கென்று ஓர் அச்சு வார்ப்பும் வந்துவிட்ட பிறகு, தன்னியல்பாக இருப்பதுகூட அங்கே எழுதாத விதிகளில் ஒன்றாகிவிடுகிறது. நடிக்கத் தெரியாது என்று சொல்வதையே ஒரு வேடமாகப் போட்டுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மரியாதை என்பதன் வடிவமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதைப் புதிதாகச் சேர்பவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற மென்பொருள் வினாவிடைத் தளத்தில், கேள்வியின் தொடக்கத்தில் வணக்கமும் முடிவில் நன்றியும் எழுதினால் மற்றவர்கள் அவற்றை நீக்கிவிடுவது வழக்கம். படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதே அங்கே மரியாதை. "வணக்கம் சேர், நலமா, ஒரு சிறிய சந்தேகம்" என்று தொடங்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அது முகத்தில் கதவைச் சாத்துவது போல இருக்கும். அந்தத் தளமும் 2018 ஏப்ரலில், தாம் புதியவர்களை, குறிப்பாகப் பெண்களையும் சிறுபான்மையினரையும், வரவேற்கும் இடமாக இல்லை என்று தாமாகவே ஒத்துக்கொண்டு, அதே ஆண்டில் புதிய நடத்தைக் கோவை ஒன்றைக் கொண்டுவந்தது. விக்கிப்பீடியாவின் வழி எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. எழுதப்பட்டதைப் பற்றிப் பேசு, எழுதியவரைப் பற்றிப் பேசாதே என்பது அங்கே நெடுங்காலமாக உள்ள விதி. 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில், ஒரு கலைச்சொல்லுக்காகப் பக்கம் பக்கமாக வாதாடியவர்கள் அடுத்த கட்டுரையில் ஒன்றாக உழைப்பதைப் பார்க்கலாம்.

தன்னியல்பின் மூன்றாவது பொருளான பேச்சுப் பாங்கு, திருகோணமலையில் எளிய விடயம் இல்லை. தம்பலகாமத்துக்காரர் ஒரு மாதிரி எழுதுவார், கிண்ணியாவில் மூத்தவரை நானா என்பார்கள், சீனக்குடாவில் வேலை செய்யும் சிங்களப் பொறியியலாளர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தருவார், மேசன்மார் பலர் எழுதவே மாட்டார்கள், குரல் பதிவுதான் அனுப்புவார்கள். ஒரு காலத்தில் எங்கள் விதிகளில் "நல்ல தமிழில் எழுதவும்", "குரல் பதிவு தவிர்க்கவும்" என்று இரண்டு வரிகள் இருந்தன. ஒழுங்குக்காக எழுதப்பட்ட அந்த இரண்டு வரிகளும், நாற்பது வருடம் கலவை குழைத்த கைகளைக் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்றியிருந்தன. அவற்றை எடுத்த வாரத்தில் வந்த ஒரு குரல் பதிவு எனக்கு நினைவிருக்கிறது. பின்னணியில் கலவை இயந்திரம் உறும, மூதூர் மேசன் ஒருவர், கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதைக் கலவைக்கு எடுக்கக்கூடாது என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தே தாம் கண்டுபிடிப்பதாக இரண்டு நிமிடம் விளக்கினார். அதே போல, வேலைக்குத் தொடர்பில்லாத எதுவும் வேண்டாம் என்ற விதியையும் நாங்கள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறோம். நகரத்துப் புள்ளிமான்கள் கட்டுமானத்துக்குக் கொட்டிய மணற்குவியலில் ஏறிப் படுத்திருக்கும் படம் வந்தால் அதை நீக்க எந்த அட்மினுக்கும் மனம் வருவதில்லை.

விதி தன்னியல்பைக் குறைக்கும் என்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் உதாரணம் லண்டனில் உள்ள சத்தாம் ஹவுஸ் (Chatham House) என்ற ஆய்வு நிறுவனத்தின் பெயரால் வழங்கும் விதி. 1927இல் உருவான அந்த விதியின்படி, கூட்டத்தில் கேட்ட விடயத்தை வெளியே எவரும் பயன்படுத்தலாம். அதைச் சொன்னவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் வெளியிடக்கூடாது. பேச்சுக்குப் பூட்டுப் போடுவதற்காக அது செய்யப்படவில்லை. அது இல்லாவிட்டால் பேசமாட்டார்கள் என்பவர்களைப் பேசவைக்கவே செய்யப்பட்டது. எங்கள் குழுவில் இதன் எளிய வடிவம் ஒன்று இப்போது இருக்கிறது: இங்கே கற்றதை எங்கும் சொல்லுங்கள், பெயரும் ஸ்கிரீன்ஷொட்டும் வெளியே போகக்கூடாது. இதை நூறு வீதம் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்த வரி வந்த பிறகு, தாம் பொறுப்பாக இருந்த சிலாப் ஒன்று தாழ்ந்த கதையை ஒருவர் தாமாகவே எழுதினார்.

குழு விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் எழுதும் எல்லோருக்கும் பொருந்தும். அரச உத்தியோகத்தர்கள் அதற்கு மேலாகத் தாபன விதிக்கோவைக்கும் கட்டுப்பட்டவர்கள். அட்மின் அனுமதித்துவிட்டார் என்பது இவை இரண்டுக்கும் மறுமொழி ஆகாது. அரச சேவையில் உள்ள ஒருவர் சில விடயங்களில் வாய் திறக்காமல் இருப்பதைப் போலித்தனம் என்று மற்றவர்கள் எள்ளுவதும் சரியில்லை.

ஒரு விதி நல்லதா என்று பார்க்க நான் கைக்கொள்ளும் வழி மிக எளியது. எவரும் கேட்க விரும்பாத ஓர் உண்மையை எடுத்துக்கொள்கிறேன், உதாரணமாக, "நீங்கள் கட்டியது நிற்காது, இடிக்க வேண்டும்." இதை அந்த விதிக்கு உட்பட்டுச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். முடியுமென்றால், அந்த விதி எவருடைய தன்னியல்பிலும் கை வைக்கவில்லை. சொல்பவர் சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முடியாதென்றால், அந்த விதி எவ்வளவு பண்பான சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டும். தமிழில் இடித்துரைத்தல் என்று ஒரு சொல் இருக்கிறது. நண்பரின் பிழையைக் கண்டால் முகத்துக்கு நேரே, தயங்காமல், அவருடைய நன்மைக்காகவே சொல்வது. ஏளனம் செய்வதற்கு அந்தச் சொல்லை எவரும் பயன்படுத்துவதில்லை.

அந்தத் தூண் சண்டைக்குப் பிறகு நாங்கள் மூன்று அட்மின்களும் உட்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு மாலை கூடி, நான்காம் விதியை மாற்றி எழுதினோம். "அனைவரும் மரியாதையுடன் பேசவும்" என்பதால் யாரும் எதையும் புரிந்துகொள்வதில்லை. தாம் மரியாதையாகத்தான் பேசுகிறோம் என்று எல்லோருமே நம்புகிறார்கள். அதனால் புதிய விதி இப்படி வந்தது: "முதலில் கேள்விக்கு விடை எழுதவும். கேட்டவரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதன் பிறகு எழுதவும்." நம்மில் பெரும்பாலானோருக்கு, விடையை ஒழுங்காக எழுதி முடிக்கும்போது மற்றதை எழுதும் ஆசை அடங்கிவிடுகிறது.

எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து, சல்லியில் ஒரு வீட்டு வேலையில் நிற்கும் வேறொரு பிள்ளை அதே மாதிரி ஒரு படத்தைப் போட்டது. அதே மூத்தவர்தான் முதலில் பதில் எழுதினார்: "கடல் தெரிகிறது, ஆகவே 50 மி.மீ. விடும். கல்லுத் துண்டை முட்டுக் கொடுக்காமல் கவர் புளொக் வாங்கிப் போடும். கம்பி கட்டும் வயர் நுனியை உள்ளே மடித்து விடும், அதுதான் முதலில் துருப்பிடிக்கும். இதெல்லாம் முதல் வருடத்திலேயே படிப்பிக்கிறார்கள், நீர் அன்றைக்குப் படம் பார்க்கப் போயிருப்பீர்." கீழே அந்தப் பிள்ளை பெருவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டு, "நன்றி சேர், படம் நல்ல படம்தான்" என்று எழுதியிருந்தது.